மாமியின் பெயரில் ஓர் அறை

மகன் வீடு திருத்த மேசனைக் கூட்டி வந்துவிட்டான், வீடெல்லாம் தூசி, சாய்ந்து கிடக்க ஒரு மூலை இல்லை என்று போன வெள்ளிக்கிழமை கோயிலடியில் நீங்கள் எல்லாரும் மாறி மாறி முறைப்பாடு வைத்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களோடு கோபமென்று நினைத்துவிடாதீர்கள். ஈரச் சீமெந்தின் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு முழங்கால் வலி, பிரஷர்க் குளிசை எல்லாம் மறந்து போகும். பத்து வயதுப் பெட்டையாய், கையில் தகரப் பேணியோடு, காயாத கல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போய்ச் சேர்ந்தால் எனக்குச் செமிக்காது.

எங்களுடையது கொலனி வீடு. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் வந்து பாயும் வயல்களுக்குப் பக்கத்தில் அரசாங்கம் வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. ஓர் அறை, ஒரு ஹோல், முன்னால் விறாந்தை, பின்னால் தள்ளி ஒரு குசினி. பக்கத்துக் காணியிலும் அதே அச்சு, அதற்கு அடுத்த காணியிலும் அதே அச்சு. கள்ளுத் தவறணைக்குப் போய் வருகிறவர்கள் வீடு மாறிப் புகுந்து, அடுத்தவன் பெண்சாதியிடம் சோறு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் எங்கள் கொலனியில் நிறைய உண்டு.

அந்த ஓர் அறையிலும் நாங்கள் படுத்தது கிடையாது. அது மிளகாய்க்குரியது. செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை போன காலம் அது, உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மழை படக்கூடாது, எலி தொடக்கூடாது என்று ஐயா மூட்டைகளைக் கூரை தட்டும்வரை அடுக்கி வைத்திருந்தார். கதவைத் திறந்தால் நெடி வந்து முகத்தில் அறையும். தும்மாமல் அந்த அறைக்குள் போய் வந்தவர் எவருமில்லை. ஐயா, அம்மா, நான், இரண்டு தம்பிமார், ஐந்து பேரும் ஹோலில் பாய் விரித்துப் படுத்தோம்.

சின்னத் தம்பிக்குப் பிறகு ஒரு தங்கச்சி பிறந்தாள். மாரி மழை விடாமல் ஊற்றிய நாட்கள். அறைக்குள் மிளகாய். அந்த நெடிக்குள் பச்சைப் பிள்ளையைக் கிடத்த முடியுமா? விறாந்தை மூலையில் ஒரு சீலையைக் கட்டி மறைத்து, அம்மாவும் பிள்ளையும் அதற்குள் கிடந்தார்கள். தூவானம் சீலையை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பத்தாம் நாள் பிள்ளை எங்களை விட்டுப் போய்விட்டது.

அம்மா ஐயாவைத் திட்டவில்லை. ஒரேயொரு வசனம்தான் சொன்னார். அதை அடிக்கடி சொன்னார்.

"மிளகாய்க்கு அறை, பிள்ளைக்கு விறாந்தை."

ஐயா தலையைக் குனிந்துகொண்டு வயலுக்குப் போய்விடுவார். ஐயா கெட்டவரில்லை. அந்த மூட்டைகள் நனைந்தால் நாங்கள் ஐந்து பேரும் பட்டினி என்றுதான் அவர் நினைத்தார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருந்திராது. இப்போது யோசித்தால், என் மகனைவிடச் சின்னப் பெடியன். எவ்வளவு பெரிய பிழையைத் தோளில் சுமந்துகொண்டு வரப்பில் நடந்திருப்பார் என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது.

அடுத்த வருஷம் மாமி வந்து சேர்ந்தார். ஐயாவின் மூத்த அக்கா. நெடுங்கேணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மாமா காய்ச்சலில் போய்விட, இரண்டு பெடியன்களையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். நெடிய உருவம், அதைவிட நெடிய குரல். அவர் எங்கள் குசினியில் நின்று ஏதாவது கேட்டால் வாய்க்காலில் குளிப்பவர்கள் பதில் சொல்வார்கள். ஐயாவை வளர்த்ததே அந்த அக்காதான். அதனால் மாமி இருமினால்கூட ஐயா எழுந்து நிற்பார்.

இப்போது ஹோலில் எட்டுப் பேர். யாராவது ஒருவர் புரண்டால் எட்டுப் பேரும் புரள வேண்டும். அந்த வருஷ மிளகாய் விற்ற கையோடு ஐயா சொன்னார், "வீட்டைப் பெருப்பிப்பம். வடக்குப் பக்கம் ஒரு அறை போடுவம்." அம்மாவின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவர் கேட்டது அந்த ஒன்றுதான். மூடக்கூடிய கதவுள்ள ஓர் அறை.

அதற்குள் வந்ததே ஒரு சிக்கல்! ஒரு விடியற்காலை நான் முருங்கையடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றேன். அம்மா ஓடிவந்து வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். என்னைக் கண்டதும் சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. அதுவும் மாமிக்குத் தெரியவே கூடாது."

"ஏனம்மா?"

"உனக்குத் தங்கச்சியோ தம்பியோ வரப்போகுது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலை மண் கொத்தி, முளை இறக்கக் கூடாதெண்டு சொல்லுவினம். மாமிக்குத் தெரிஞ்சால் வேலை அப்பிடியே நிண்டிடும். பேந்து இந்தப் பிள்ளைக்கும் விறாந்தைதான்."

உங்களுக்குத் தெரியும், எங்கள் சனத்திடம் அது எவ்வளவு பெரிய விலக்கு. வீட்டில் ஒருத்தி வயிற்றில் சுமந்துகொண்டிருக்கும்போது வீடு கட்ட நிலத்தில் முளைக்குச்சி அடித்தால் வயிற்றிலிருப்பதற்கு ஆகாது என்பார்கள். அம்மாவும் அதை நம்பாதவர் இல்லை. அவருக்கும் நெஞ்சுக்குள் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தைவிட விறாந்தையின் மேலிருந்த பயம் பெரிதாக இருந்தது. பத்து வயதில் எனக்கு அந்த இரகசியத்தைத் தந்துவிட்டார். நான் என்னவோ பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அம்மா காதோடு சொன்னதைக் கேட்டு ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கூரையைச் சரித்து ஒரு தாழ்வாரம் எடுத்தால் அதைப் பத்தி என்போம். அது வீடு இல்லை. அதற்கு நாள் பார்ப்பதும் இல்லை, முளை அடிப்பதும் இல்லை. நாலு மரக் கப்பை நட்டு, மேலே தென்னங்கிடுகைப் போட்டால் முடிந்தது.

"வீடு கட்டிறம் எண்டு வாய் தவறியும் சொல்லாதையுங்கோ. பத்தி இறக்கிறம் எண்டு சொல்லுங்கோ," என்று எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினார். பத்திக்குக் கீழே தகரம் அடித்துக் கதவு போட்டுவிடலாம், கதவு இருந்தால் அறைதானே என்பது அவருடைய யோசனை. பாவம், அதை மாமியின் காதுபடச் சொல்லிவிட்டார்.

"பத்தியோ? பத்தி மாட்டுக்கடா இறக்கிறது. காத்தும் தூவானமும் அடிச்சு ஊத்துமெல்லே. நாலு சுவர் வை. நாளைப் பாத்து, முளை அடிச்சு, முறையாக் கட்டு."

"சரி அக்கா."

இரண்டே சொல்லில் முடிந்தது. குசினிக்குள் அம்மா அகப்பையைக் கீழே போட்டார்.

வைகாசியில் ஒரு நல்ல நாள். மேசன் வந்தார். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காணி வெட்டிக் குடியேறியவர். வாயில் வெற்றிலை, தோளில் துவாய். அவருடைய பேச்சு எங்களுக்குப் புதுசு. அவர் வாயைத் திறக்கட்டும் என்று நாங்கள் ஐந்து பிள்ளைகளும் சுற்றிச் சுற்றி நிற்போம். நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, ஈசான மூலையில் முளையை நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, மொத மொளைய யாரு பேருல அடிக்கிறதுங்க? வீட்டம்மா வந்து புடிக்கணுமில்லீங்களா?"

வீட்டம்மா எங்கே? அம்மா விடியவே தனக்கு மாதத் துடக்கு, தான் கிட்ட வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய் ஒதுங்கிவிட்டார். அந்த முளையைத் தன் கையால் தொட அவருக்குப் பயம். ஐயா தொண்டையைச் செருமினார். மேசன் வெற்றிலையை ஒதுக்கினார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

மாமி முன்னால் வந்தார். போகிற போக்கில் என்னைக் கையில் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, குந்தியிருந்து முளையைப் பிடித்தார்.

"என்ரை பேரிலை அடியுங்கோ மேசன். இது எனக்கெண்டு கட்டிற அறை. நான்தான் வீட்டுக்காரி."

சுற்றி நின்ற அயலவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாலி இழந்த ஒருத்தி நல்ல காரியத்துக்கு முன்னால் வந்து நிற்பதே இல்லாத காலம். மேசன் ஐயாவைப் பார்த்தார்.

"என்ன பாக்கிறியள்? நான் பிடிச்சால் முளை இறங்காதோ?"

"அப்பிடி இல்லீங்கம்மா," என்று சொல்லி மேசன் சுத்தியலை ஓங்கினார். ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நின்றேனா? ஒரே ஓட்டம். கோடியில் குந்தியிருந்த அம்மாவிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சொன்னதோடு விட்டேனா, கையிலிருந்தும் கொஞ்சம் போட்டேன். "உங்களுக்கு அந்த அறையிலை ஒரு பங்கும் இல்லையாம் அம்மா, விறாந்தையிலை கிடக்கட்டுமாம்," என்றேன். மாமி அப்படிச் சொல்லவில்லை. ஏன் சொன்னேன் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அம்மாவின் பக்கம் நிற்கிறேன் என்று காட்ட வேண்டும் என்ற கொழுப்பாக இருக்கலாம்.

அம்மா அழவில்லை. "வந்து ஆறு மாசம். அறை அவவுக்காம்," என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மாமியோடு நேரே கதைப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரே குசினிக்குள் இரண்டு பெண்கள் கதைக்காமல் சமைப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அம்மா கோழியைப் பார்த்துக் கதைப்பார். "உப்பு எங்கையோ தெரியேல்லை, கோழி," என்பார். மாமி உப்புப் பானையை எடுத்து வைப்பார். கறி உறைத்தால் அம்மா, "சிலபேருக்குக் கை நீளம்," என்று பூனைக்குச் சொல்வார். மாமி அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். ஊரையே குரலால் ஆண்ட மனுஷி, அம்மாவின் சொல்லுக்கு மட்டும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. எனக்கு அது நடிப்பாகப் பட்டது.

ஆனால் அறையை விட்டுக் கொடுக்கவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் "என்ரை அறையை வந்து பாருங்கோ" என்று அழைப்பு வைத்தார். யன்னல் எந்தப் பக்கம், பெட்டி எந்த மூலை, எல்லாம் அவர் சொல்வதுதான். அத்திவாரத்துக்குக் கட்டிய நூலைத் தாண்ட அம்மா ஒருநாள் காலைத் தூக்கினார். "என்ரை அறைக்குள்ளை உனக்கென்ன வேலை? அங்காலை போ!" என்று மாமி போட்ட சத்தத்தில் மேசன் கரண்டியை நழுவ விட்டுவிட்டார். கிணற்றடியிலும் அதே கதைதான். அம்மாவின் கையிலிருந்து வாளிக் கயிற்றைப் பறித்து, "நீ அள்ளினால் பாதி சிந்துது," என்று தானே அள்ளினார். எட்டுப் பேருக்கான தண்ணீரையும், சீமெந்து குழைக்கிற தண்ணீரையும் அந்த வெயிலில் அவரே அள்ளி ஊற்றினார். அறைக்கு ஆசைப்பட்டுத்தான் இவ்வளவு பாடும் என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம்.

கல் அரிந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆற்று மணலையும் சீமெந்தையும் குழைத்து மர அச்சில் இறுக்கித் தட்டிக் கவிழ்ப்பார் மேசன். வளவு முழுக்கச் சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாகக் கல். காலையும் பின்னேரமும் அவற்றுக்குத் தண்ணீர் காட்டுவது பிள்ளைகளின் வேலை. வெயில் குடித்த கல்லில் தண்ணீர் பட்டதும் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும், கூடவே ஒரு மணமும் வரும். அந்த மணத்துக்காகவே நான் தம்பிமாரின் முறையையும் சேர்த்து எடுத்துக்கொள்வேன். மச்சான்மார் இருவரும் தங்களுடைய கல் எது என்று குச்சியால் அடையாளம் கீறி வைத்திருந்தார்கள். நாங்கள் பிள்ளைகள் மட்டும் யாரோடும் கோபமில்லாமல் இருந்தோம் என்று சொல்ல ஆசைதான். என் கதை வேறு.

சுவர் இடுப்பளவு வந்த நேரம். மேசனிடம் பித்தளையில் ஒரு தூக்குக் குண்டு இருந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்டால் சுவர் நேரா சரிவா என்று சொல்லிவிடும். அதைக் கண்ணில் ஒற்றித்தான் எடுப்பார், கண்ணில் ஒற்றித்தான் வைப்பார். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் எறிந்துவிட்டேன். மாமியின் அறை கோணலாகப் போகட்டும். அதுதான் என் எண்ணம். மேசன் மணல் குவியலைக் கிளறினார், சாக்குகளை உதறினார், கடைசியில் உழவு இயந்திரத்தின் பழைய நட்டு ஒன்றை நூலில் கட்டி வேலையைத் தொடங்கினார்.

"இந்தச் செவுரு மட்டும் என் பேச்சக் கேக்க மாட்டேங்குதே," என்று அவர் இரண்டு நாள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றது என் கண்ணுக்குள் இருக்கிறது. மேற்குச் சுவர் இரண்டு விரல் சரிவு. பிறகு அந்த அறையில் வைத்த அலுமாரி ஒருநாளும் சுவரோடு ஒட்டி நிற்கவில்லை. அலுமாரிக்குப் பின்னால் விழுந்த சீப்புகளுக்கும் பென்சில்களுக்கும் கணக்கில்லை. அந்த மனுஷனின் தொழில் கருவியை எறிந்ததற்கு நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வீடும் அந்தச் சரிவான சுவரும் இப்போது இல்லை. ஏன் இல்லை என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீடுகளுக்கு நடந்ததுதான் எங்களுடையதற்கும். அதை இந்தக் கதைக்குள் இழுக்க மாட்டேன்.

ஆவணியில் அம்மாவின் வயிறு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குள் சுவர் முகடு தொட்டிருந்தது. பாதியில் வேலையை நிறுத்தி வீட்டைத் திறந்துபோட்டு வைப்பது அதைவிடக் கூடாது என்பார்கள், ஆகவே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமி என்ன சொல்லப் போகிறாரோ என்று அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மாமி வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்," என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணியைப் பற்றி யார் கேட்டது?

ஐப்பசியில் ஓடு போடுகிற அன்றைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அயல் முழுக்க ஓடி வந்தது. வாசலிலிருந்து கூரை வரைக்கும் ஆட்கள் வரிசை கட்டி நின்று, ஓடுகள் கைமாறிக் கைமாறி ஏறின. வரிசையின் தொடக்கத்தில் மாமி. குனிந்து குனிந்து ஒவ்வோர் ஓடாக எடுத்துக் கொடுத்தார். எங்களோடு எப்போதும் வேலிச் சண்டை பிடிக்கிற பக்கத்து வீட்டுக்காரர்கூட மடித்துக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறிவிட்டார். கடைசி ஓட்டுக்கும் முதல் துளிக்கும் நடுவில் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்தான் இருந்தது. எல்லாரும் புது அறைக்குள் ஓடிவந்து ஒதுங்கி நின்று மழையைப் பார்த்துச் சிரித்தோம். அம்மா மட்டும் வரவில்லை. குசினி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார். தனக்கென்று கேட்ட அறையில் ஊர் முழுக்க நிற்கிறது, தனக்கு இடமில்லை.

இனிக் குறை ஒன்றுதான். கதவு. தச்சு வேலை செய்யும் ஓடாவி இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். புது அறையின் வாசல் வெறும் நிலையோடு நின்றது.

கார்த்திகையில் ஒரு காலை, விடிந்து இரண்டு மணித்தியாலம் இருக்கும். வாய்க்கால் பெருகிப் பாதையை மூடியிருந்தது. அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. ஐயா மருத்துவிச்சியைக் கூட்டிவர முழங்கால் தண்ணீரில் ஓடினார். அம்மா அலுமாரியைத் திறந்து ஒரு பழைய சீலையை எடுத்தார், விறாந்தையில் கட்டுவதற்கு. நான் அந்தச் சீலையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமி வந்து எங்கள் இருவர் கையிலிருந்தும் சீலையைப் பறித்தார்.

"அறைக்கை போ."

அம்மா அசையவில்லை.

"பிள்ளை, சொல்லுக் கேள். அறைக்கை போ."

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உள்ளே விட்டார். ஐயா மருத்துவிச்சியோடு வந்து சேர்ந்ததும் அடுத்த கட்டளை. "தம்பி, மிளகாய் அறைக் கதவைக் கழட்டிக் கொண்டுவா." அதே அச்சு வீட்டில் அதே அளவு நிலை, கதவு சொல்லி வைத்தாற்போல் பொருந்தியது. ஐயா இரண்டு பிணைச்சலை முடுக்கி முடிப்பதற்குள், திறந்துபோட்ட மிளகாய் அறையிலிருந்து நெடி கிளம்பி ஹோல் முழுக்கப் பரவிவிட்டது. ஐயா தும்முகிறார், நாங்கள் ஐந்து பேரும் தும்முகிறோம், விறாந்தையில் ஒதுங்கிய நாயும் தும்முகிறது. மாமி புது அறையின் கதவை இழுத்துச் சாத்தினார். நெடி அம்மாவிடம் போகவில்லை. காற்றும் போகவில்லை. மத்தியானம் தங்கச்சி பிறந்தாள். அவள் போட்ட சத்தத்தில் மாமியின் குரலே தோற்றுப் போனது.

அதற்குப் பிறகுதான் எனக்கு மாமியில் கடும் கோபம் வந்தது. சரக்குத்தூள் இடிப்பார், பத்தியக்கறி வைப்பார், சுடுதண்ணீர் காய்ச்சுவார், எல்லாம் வாசல் வரைக்கும்தான். பிள்ளையை ஒருநாள் தூக்கவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிழடு கட்டைகள் எல்லாம் வந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள், வீட்டிலிருக்கிற மாமி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். தன் அறையைப் பிடித்துக்கொண்டோம் என்ற எரிச்சல் என்று அம்மா மெல்லச் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, தங்கச்சிக்குத் தலைமயிர் இறக்கி, அயலுக்கெல்லாம் சாப்பாடு கொடுத்து அனுப்பியாயிற்று. பின்னேரம் அம்மா பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தார். ஹோலில் மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மச்சாள், ஒரு மாசம் உங்கடை அறையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்திட்டன். இனி நீங்கள் போய்ப் படுங்கோ. பெட்டியைக் கொண்டுபோய் வைக்கட்டே?"

"ஆரின்ரை அறை?"

"உங்கடைதான். ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சியளே."

மாமி சுளகைக் கீழே வைத்தார்.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலை முளை இறக்கினால் ஆருக்கு ஆகாது?"

அம்மா பாயை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரிக்குத்தானே? அதுதான் வீட்டுக்காரி நானெண்டு சொன்னனான். எனக்கு இனி வர என்ன கிடக்கு? வாறது வந்தால் என்னோடை போகட்டும் எண்டு நினைச்சன்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமே?"

"நீ முருங்கையடியிலை ஓங்காளிச்சது எனக்குக் கேக்காதே? சித்திரை முழுக்க நீ ஒதுங்கேல்லை. முளை அடிக்கிற அண்டைக்கெண்டு உனக்குத் துடக்கு வந்ததாம். நல்ல கதை!"

அம்மாவின் கையிலிருந்த பாய் கீழே விழுந்தது. "அப்ப இவளை ஒருநாளும் தூக்கேல்லையே மச்சாள்?"

"முளையின்ரை தோஷத்தை என்ரை தலையிலை எடுத்து வைச்சுக்கொண்டு, பிஞ்சைத் தொடவோ? முப்பத்தொண்டு கழியட்டும் எண்டு இருந்தனான்."

அம்மா உள்ளே போனார். தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து மாமியின் மடியில் வைத்தார். மாமியின் கை முழுக்கத் தவிடு. சீலையில் துடைத்தார், பிறகும் துடைத்தார், அதன் பிறகுதான் பிள்ளையின் தலையைத் தொட்டார். அம்மா மாமியின் காலடியில் அப்படியே இருந்துவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஏழு மாதப் பகையையும் மூட்டியது நான் அல்லவா?

"மாமி, நான்தான் அண்டைக்கு அம்மாட்டை ஓடிப்போய்ச் சொன்னனான். பொய்யும் சேத்துச் சொன்னனான்."

மாமி நிமிரவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே சிரித்தார்.

"எடி விசர்ப் பெட்டை, நீ போய்ச் சொல்லுவாயெண்டுதானே உன்னைப் பக்கத்திலை இழுத்து வைச்சுக்கொண்டு பெலத்துச் சொன்னனான். கொம்மா தன்ரை மனதுக்குள்ளையும் அதைத் தன்ரை அறையெண்டு நினைக்கக் கூடாது. நினைச்சால் அவதானே வீட்டுக்காரி? பேந்து நான் முளையைப் பிடிச்சென்ன, விட்டென்ன?"

ஏழு மாதம் அம்மாவின் வெறுப்பைத் தானாகக் கேட்டு வாங்கி, ஒருநாளும் குறையவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் அந்த மனுஷி. முளை அடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்பதை நான் இப்போது நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். மாமி நம்பினார். நம்பிக்கொண்டுதான் கையைக் கொடுத்தார். என் ஆயுளில் எனக்குக் கிடைத்த நல்லவைகளை எண்ணச் சொன்னால் நான் முதலில் அந்த மனுஷியைத்தான் சொல்வேன்.

அன்றைக்கு நான் விக்கி விக்கி அழுதேன். மாமி ஒரு கையால் என் வாயைப் பொத்தி, "சத்தம் போடாதை, பிள்ளை நித்திரை," என்றார்.